ஆள் இல்லாத அறையின் அளவு

பீளமேட்டில் கிருபாசங்கரின் லேப்பில் ஒரு அறை இருந்தது. வருடம் முழுக்க அங்கே இருபது டிகிரிதான். வெளியே சித்திரை வெயில் தார் ரோட்டை இளக்கினாலும், ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து தகரக் கூரைகளைத் தூக்கிப் பார்த்தாலும் அந்த அறைக்கு ஒன்றும் தெரியாது. இரட்டைக் கதவு, ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, நடுவில் கருங்கல் மேசை. பதினோரு வருடமாக அந்த மேசையின் முன்னால் உட்காருகிறவள் உம்மல் குல்சும்.

கோயமுத்தூரைச் சுற்றிலும் மோட்டாரும் பம்ப்பும் மில் எந்திரமும் செய்கிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் அளவுக் கருவிகள் சரியாகத்தான் அளக்கின்றனவா என்று பார்த்துச் சர்டிபிகேட் கொடுப்பது லேப்பின் வேலை. அதில் குல்சும் பார்ப்பது ஸ்லிப் கேஜ் மட்டும். கண்ணாடி போல இழைத்த சின்னச் சின்ன எஃகுக் கட்டைகள். ஒன்றன் மேல் ஒன்றை வைத்துத் தள்ளினால் பசை இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளம் உண்டு. அந்த நீளம் மைக்ரானில் எத்தனை பங்கு கூட, எத்தனை பங்கு குறைய என்று அவள் சொல்வாள். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் கனமே எழுபது மைக்ரானாவது வரும்.

இந்த வேலையில் முக்கால்வாசி காத்திருப்புதான். வெளியிலிருந்து வந்த கட்டை ஓர் இரவு முழுக்க மேசையில் கிடந்து அறையோடு அறையாக வேண்டும். அப்புறம் லேப்பிலிருக்கும் மூலக் கட்டையோடு, அதை மாஸ்டர் என்பார்கள், ஒப்பிட வேண்டும். வித்தியாசத்தைக் காட்டும் கருவியான கம்பேரட்டரின் ஊசி நகர்ந்து நிற்பதற்குள் மனம் எங்கெங்கோ போய்விடும். குல்சுமுக்கு அது பிடிக்கும். ஊசி நிற்கும்வரை அவள் பவானி ஆற்றில் மிதந்துகொண்டிருப்பாள். அல்லது கோட்டைமேட்டு வீட்டு மொட்டை மாடியில் சின்ன வயதில் பார்த்த ஏதோ ஒரு மேகத்துக்குள் நடந்துகொண்டிருப்பாள். ஊசி நின்றதும் திரும்பி வந்து எண்ணை எழுதுவாள். ஒருநாளும் தப்பாக எழுதியதில்லை. சர்டிபிகேட்டில் அளவுக்குப் பக்கத்தில் ப்ளஸ் மைனஸ் என்று இன்னொரு எண் போட வேண்டும். இதற்கு மேலே இவ்வளவு, கீழே இவ்வளவுக்குள் உண்மையான நீளம் இருக்கும் என்கிற வாக்கு அது. அவள் போடுவது பத்தில் ஒரு மைக்ரான். சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் அவ்வளவு சின்ன எண்ணைப் போடுவதில்லை. அதில் அவளுக்கு வெளியே சொல்லாத ஒரு பெருமை இருந்தது.

அது தொண்ணூற்றாறாம் வருடம். அங்கீகாரம் கேட்டு விண்ணப்பித்திருந்த லேப்களுக்கு ஒரு சோதனை வைத்தார்கள். ஒரே ஒரு நூறு மில்லிமீட்டர் கட்டை தேக்குப் பெட்டியில் ஊர் ஊராகப் போகும். ஒவ்வொரு லேப்பும் அளந்து, அளவையும் தன் ப்ளஸ் மைனஸையும் உறையில் போட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். பெங்களூரின் பெரிய ஆய்வகம் ஒன்று தான் அளந்ததோடு எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும்.

பெட்டி ஆனிக் கடைசியில் குல்சுமிடம் வந்தது. ஐந்து நாள் அளந்தாள். நூறு மில்லிமீட்டருக்கு மேல் புள்ளி முப்பத்தெட்டு மைக்ரான் அதிகம். ப்ளஸ் மைனஸ் புள்ளி ஒன்று. கட்டையைத் துடைத்து, எண்ணெய் பூசி, பெருந்துறை லேப்புக்கு அனுப்பி வைத்தாள்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது.

"ஏனுங்க, குல்சும் அம்மணிங்களா? பெருந்துறை லேப்பிலிருந்து சென்னியப்பன் பேசறனுங்க."

பார்த்ததில்லை, பெயர் மட்டும் தெரியும். "சொல்லுங்ணா. கட்டை வந்து சேந்துருச்சுங்களா?"

"வந்து, நாலு நாளா அளந்துபோட்டேனுங்க. அது வந்துங்க... உங்களுக்கு எவ்வளவு வந்துச்சுன்னு கேக்கலாம்னு."

"அதைச் சொல்லக் கூடாதுங்ணா. உறையை ஒட்டி அனுப்பிப்போட்டேன்."

"தெரியுமுங்க. தெரிஞ்சேதான் கேக்கறேன்." கம்பியில் காற்று இரைந்தது. பக்கத்தில் எங்கோ தென்னை மரங்கள் இருக்க வேண்டும் என்று குல்சும் நினைத்துக்கொண்டாள். "எங்க மாஸ்டர் பழசுங்க, தேஞ்சு கெடக்குது. மத்தியானம் கரண்ட் போச்சுன்னா ஏசி நின்னுபோகுது. இதுல பெயிலாயிட்டா லேப்பை மூடிப்போட்டு குடோன் ஆக்கிருவேங்கறாரு மொதலாளி. என்ற கூட மூணு பேரு வேலை செய்யறாங்க."

குல்சும் சொன்னாள்: "வந்த நம்பரைத் தொடாதீங்ணா. அது அப்படியே இருக்கட்டும். ஒரு பேப்பர் எடுத்து உங்களுக்கு நிச்சயமாத் தெரியாதது என்னென்னன்னு எழுதுங்க. மாஸ்டர் எவ்வளவு தேஞ்சிருக்கலாம், கரண்ட் போனப்ப எத்தனை டிகிரி ஏறுச்சு, மறுக்கா மறுக்கா அளந்தா எவ்வளவு மாறுது, எல்லாத்தையும். அத்தனைக்கும் எடம் விட்டுக் கூட்டுங்க. வர்ற ப்ளஸ் மைனஸை அப்படியே போடுங்க."

"கால் மைக்ரான் வருமாட்ட இருக்குதுங்க."

"வரட்டுமுங்க."

"பாத்தாச் சிரிப்பாங்களே அம்மணி. நீங்கெல்லாம் பத்துல ஒண்ணு போடறவங்க."

குல்சும் சிரித்தாள். போனை வைத்த பிறகும் அந்தக் கடைசி வார்த்தை காதில் இனித்துக்கொண்டே இருந்தது.

முடிவு ஆவணி பிறந்த வாரத்தில் தபாலில் வந்தது. கிருபாசங்கர்தான் பிரித்தான். அன்னூர்ப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். பருத்தியை விட்டு எந்திரத்துக்கு வந்தவன். குல்சுமைவிட ஆறேழு வயது இளையவன், 'அக்கா' என்றுதான் கூப்பிடுவான். தாளை இரண்டு தடவை படித்தான். அவளிடம் நீட்டினான்.

பெங்களூர் கண்ட அளவு புள்ளி பன்னிரண்டு. குல்சுமின் அளவுக்கும் அதற்கும் கால் மைக்ரானுக்குச் சற்று மேல் வித்தியாசம். வித்தியாசம் இருப்பது குற்றமில்லை. இரண்டு லேப்களின் ப்ளஸ் மைனஸையும் முறைப்படி சேர்த்து ஓர் அகலம் கண்டுபிடித்து, வித்தியாசத்தை அதனால் வகுப்பார்கள். ஒன்றுக்குள் வந்தால் சரி. பெருந்துறையின் வித்தியாசமும் லேசில்லை, புள்ளி பதினெட்டு. ஆனால் அவர்கள் கால் மைக்ரான் இடம் விட்டிருந்தார்கள். வகுத்தால் புள்ளி ஏழு. தேர்ச்சி. குல்சுமுக்கு இரண்டே கால். எட்டு லேப்களில் தேறாதது அவள் ஒருத்திதான்.

"பெங்களூர்ல தப்பா அளந்திருப்பாங்களாக்கா?"

"இல்லீங்க சார்."

"புது மாஸ்டர் வேற வாங்கிக் குடுத்தேன். வெளிநாட்டு மாஸ்டர்." அவன் குரலில் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம். "தேஞ்ச மாஸ்டர வச்சுட்டு அவங்க பாஸு, நாம பெயிலு."

அவள் அறைக்குள் போய் இரட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். சுவரில் தெர்மாமீட்டர் இருபதைக் காட்டியது. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பதினோரு வருடம் பழகிய அறை, கனவில் வருகிற தெரிந்த வீட்டில் ஏதோ ஓர் அறை கூடுதலாக முளைத்தது போல இருந்தது.

ஒரு வாரம் தேடினாள். கணக்கைத் திரும்பப் போட்டாள். கம்பேரட்டரைத் துடைத்தாள். மாஸ்டரின் முகம் தட்டையா என்று பார்க்க அதைக் கண்ணாடித் தட்டின் கீழே வைத்து, அதில் விழும் வண்ணக் கோடுகள் வளைகின்றனவா என்று மணிக்கணக்காகப் பார்த்தாள். கோடுகள் நேராகத்தான் ஓடின. வீட்டில் குழம்பு வைக்கும்போதும் அந்தக் கோடுகள் கண்ணுக்குள் ஓடின. தட்டில் சோறு ஆறிப்போக உட்கார்ந்திருந்தவளைக் கணவன் யூனுஸ் இரண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது.

யூனுஸுக்கு டவுன்ஹால் பக்கம் மூக்குக் கண்ணாடிக் கடை. காலையில் அவளை லேப்பில் இறக்கிவிட்டுத்தான் கடைக்குப் போவார். அன்று சாரல். மேற்கே மலை இருந்த இடத்தில் வெள்ளைத் திரை தொங்கியது. ஸ்கூட்டர் அவினாசி ரோட்டில் போனபோது எதிர்க்காற்று ஊசியாகக் குத்தியது.

"நல்லா முன்னால ஒட்டி உக்காரு குல்சும்."

"ரோட்டுலயா மச்சான்?"

"அட, குளிருதுன்னு சொல்றேன். நீ பின்னால உக்காந்தா முதுகுக்கு ஸ்வெட்டரே வேண்டாம். அடுப்பாட்ட இருக்கற."

குல்சும் அவர் முதுகில் கை வைத்துப் பார்த்தாள். சட்டை கதகதவென்றிருந்தது. லேப் வாசலில் இறங்கி, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் உள்ளே நடந்தாள்.

அறையின் தெர்மாமீட்டர் சுவரில் இருந்தது. கட்டை மேசையில் இருந்தது. மேசைக்கு ஒரு முழத்தில், ஒவ்வொரு நாளும், மணிக்கணக்காக, அவள் இருந்தாள்.

ஆனால் பதினோரு வருடமாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள், முன்பெல்லாம் ஏன் தப்பு வரவில்லை? அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பழைய மாஸ்டர் எஃகு. வருகிற கட்டையும் எஃகு. அவள் சூட்டுக்கு இரண்டும் ஒன்றுபோலவே நீண்டன, அதனால் வித்தியாசத்தில் அது தெரியவில்லை. சித்திரையில் வந்த புது மாஸ்டர் கார்பைடு, எஃகைவிடக் கடினமான வேறு பொருள். தேயாது, துருப்பிடிக்காது, சூட்டுக்கும் எஃகு நீளுகிற அளவில் பாதிகூட நீளாது. அதுதான் அதன் பெருமை. அந்தப் பெருமைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால், எஃகுக் கட்டை மட்டும் தனியாக வளர்ந்து காட்டியிருக்கிறது. ப்ளஸ் மைனஸ் கணக்கை மட்டும் அவள் பழைய தாளிலிருந்தே எடுத்துப் போட்டிருந்தாள்.

தோன்றியது சரிதானா என்று பார்க்க இன்னோர் ஆள் வேண்டும், இந்த வேலை தெரிந்த ஆள். போனை எடுத்தாள்.

"சென்னியப்பண்ணா, நாளைக்கு ஒரு நடை இங்க வர முடியுங்களா?"

"வாரேனுங்க," என்றார் அவர், எதற்கென்று கேட்காமலே.

கொடுமுடிக்காரர் சென்னியப்பன். நெடுநெடுவென்று உயரம், நரைத்த மீசை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். குரலை வைத்து அவள் நினைத்திருந்த ஆள் குள்ளமாக, தடியாக இருந்தார். அவரும் அப்படித்தான் ஏதோ நினைத்திருப்பார் போல. வாசலில் ஒரு நொடி தயங்கி, பிறகு சிரித்தார்.

லேப்பிலேயே இருந்த வேறொரு நூறு மில்லிமீட்டர் எஃகுக் கட்டையின் உடம்பில் மெல்லிய வெப்பமானிக் கம்பி ஒன்றை ஒட்டி, அதன் காட்டியை வெளியே கொண்டுவந்திருந்தாள் குல்சும். கம்பேரட்டரின் ஊசியைப் பார்க்க, ரோடு போடுகிறவர்கள் மூன்று காலில் நிறுத்திப் பார்க்கும் சர்வே லெவல் ஒன்றைக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிறுத்தினாள். அதன் தொலைநோக்கியில் கண் வைத்தால் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

"நீங்க போய் என் நாற்காலில உக்காருங்ணா. ஒண்ணையும் தொட வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

"அதுல நான் கெட்டிக்காரனுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முதல் கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சென்னியப்பன் கையை மடியில் வைத்துக்கொண்டு கோயிலில் உட்கார்ந்திருப்பவர் போல இருந்தார். பிறகு ஊசி கிளம்பியது. கிளம்பியது என்றும் சொல்ல முடியாது. கண்ணை எடுத்துத் திரும்ப வைத்தால் வேறு இடத்தில் இருந்தது. கட்டையின் சூடு இருபது புள்ளி ஒன்று. இருபது புள்ளி இரண்டு. சுவர் தெர்மாமீட்டர் இருபதிலேயே நின்றது. ஒரு மணி நேரத்தில் கட்டை இருபது புள்ளி நான்கை எட்டியது. கம்பேரட்டரின் சட்டமும் கொஞ்சம் சூடாகியிருக்கும், அதற்கும் ஒரு பங்கு உண்டு என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நான்கு போதும். எஃகும் கார்பைடும் நீளும் வித்தியாசத்தால் அதைக் காகிதத்தில் பெருக்கிப் பார்த்தாள். கால் மைக்ரானுக்குச் சற்று மேல் வந்தது.

கண்ணாடியைத் தட்டி அவரைக் கூப்பிட்டாள். அவர் வெளியே வந்து கதவுகளைச் சாத்தினார். இரண்டு பேரும் மாறி மாறி லெவலில் கண் வைத்துப் பார்த்தார்கள். அறையில் யாருமில்லை. விளக்கு எரிந்தது, நாற்காலி காலியாக இருந்தது, மேசையில் அந்தக் கட்டை தனியாக நின்றது. ஊசி மெல்ல மெல்ல வந்த வழியே இறங்கத் தொடங்கியது.

பதினோரு வருடத்தில் அந்த அறையை, தான் இல்லாமல், அவள் பார்த்ததே இல்லை. அவள் போன பிறகு அது இப்படித்தான் ஒவ்வொரு சாயங்காலமும் அவளைத் தன்னிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்திருக்கிறது. அவளுக்கு அழுகை வரும் போலிருந்தது, வரவில்லை. ஆழமான தண்ணீருக்குள் நின்று மேலே போகிற படகைப் பார்ப்பது போல ஒரு சுகம் மட்டும் இருந்தது. வெளியே சாரல் வலுத்துத் தகரத்தில் இரைந்தது. நேரம் போனதே தெரியவில்லை. கட்டை இருபதுக்குத் திரும்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று; அதற்குள் வாழைப்பழம் தீர்ந்துபோயிருந்தது.

"எனக்கு எடம் விடுங்கன்னு சொல்லிக் குடுத்துப்போட்டு நீங்க விடாமப் போயிட்டீங்களே அம்மணி," என்றார் சென்னியப்பன். குறையாகச் சொல்லவில்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

"உங்களுக்குத் தெரியாததைத்தாங்ணா எழுதச் சொன்னேன். எனக்குத் தெரியாதது எதுவும் இல்லைன்னு நெனச்சுட்டேன்."

அன்று சாயங்காலமே கிருபாசங்கரிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை. தானே உள்ளே போய்க் கையைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்றான். வெளியே வந்து காட்டியைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"அப்ப சித்திரையிலிருந்து நாம குடுத்த சர்டிபிகேட் எல்லாம்?"

"சின்னக் கட்டைக்குப் பரவாயில்லைங்க சார். அம்பது மில்லிமீட்டருக்கு மேல இருக்கறதை மறுபடியும் அளக்கணும். இருபத்தாறு பேர்த்துக்குக் குடுத்திருக்கறோம். லிஸ்ட் எழுதி வச்சிருக்கேன்."

"நாம சொல்லாம விட்டா யாருக்கும் தெரியப்போறதில்லைக்கா."

"அந்தக் கட்டையை வச்சு அவங்க வேற எதையோ அளந்துட்டு இருப்பாங்க சார். இன்னைக்கும்."

அவன் லிஸ்ட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்னூருக்குப் போய்விட்டான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் குல்சுமுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வேலையை விட வேண்டிவருமா என்று யோசித்தாள். விட்டால் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை காலை லேப்புக்குப் போனபோது கிருபாசங்கர் அவளுக்கு முன்னால் வந்திருந்தான். மேசையில் டைப் அடித்த கடிதங்கள் அடுக்கியிருந்தன. எங்கள் அளவில் பிழை இருந்தது, இதனால், இவ்வளவு, பெட்டியை அனுப்புங்கள், திரும்ப அளந்து தருகிறோம் என்று நாலு வரி. எல்லாவற்றிலும் அவன் கையெழுத்து.

"நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா," என்றான். "அளக்கறது நீங்கதானே."

அவள் உட்கார்ந்து இருபத்தாறிலும் போட்டாள்.

நான்கு கம்பெனிகள் பெட்டியை வேறு லேப்புக்கு எடுத்துப் போய்விட்டன. ஒருவர் போனில் கத்தினார். சத்தி ரோட்டிலிருக்கும் ஒரு பம்ப் கம்பெனியின் ஃபோர்மேன் காளிச்சாமி, கட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி நேராகவே வந்துவிட்டார்.

"மூணு மாசமா செஞ்ச ஷாப்ட் அத்தனையும் போச்சுங்களாம்மா? அதை மட்டும் சொல்லிப்போடுங்க, எனக்குத் தூக்கம் இல்லீங்க."

குல்சும் அவரை உட்கார வைத்து, அவர்கள் ஷாப்டில் எத்தனை மைக்ரான் வரை விட்டுக்கொடுக்கலாம் என்று கேட்டாள். பத்து என்றார். கட்டையில் வந்திருக்கும் பிழை கால் மைக்ரான். அதைத் தாளில் வரைந்து காட்டினாள். காளிச்சாமி தாளை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் பார்த்தார். பிறகு தண்ணீர் கேட்டு ஒரு சொம்பு முழுக்கக் குடித்தார். "அப்ப சரிங்க. அளந்து வைங்க. வெள்ளிக்கிழமை நானே வாரேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறையில் சில மாற்றங்கள் வந்தன. கட்டைக்கும் நாற்காலிக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. தூக்கிவைக்க மர இடுக்கி. கட்டையின் மேலேயே வெப்பமானி. ஐப்பசியில் அந்தத் தேக்குப் பெட்டி மறுபடியும் வந்தது, தேறாத லேப்புக்கு இன்னொரு வாய்ப்பு என்று. ஆறு நாள் அளந்தாள். புள்ளி பதினாறு வந்தது. கணக்குத் தாளைப் புதிதாகத் தொடங்கி, தெரியாததையெல்லாம் வரிசையாக எழுதினாள். தாள் ஒன்று போதாமல் இரண்டாவது எடுத்தாள். கூட்டிப் பார்த்தபோது ப்ளஸ் மைனஸ் புள்ளி இரண்டு.

கிருபாசங்கர் எட்டிப் பார்த்தான். "பெங்களூர் நம்பர்தான் நமக்கு இப்பத் தெரியுமேக்கா. இவ்வளவு கிட்ட வந்திருக்குது. புள்ளி ஒண்ணே போடலாமே?"

"கிட்ட வந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க சார். எனக்கு இவ்வளவுதான் தெரியும்."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அவள் எண்ணை எழுதி, உறையை ஒட்டினாள்.

அன்று மத்தியானம் இன்னொரு பெட்டி மேசையில் அறையோடு அறையாக ஊறிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு ரீடிங். இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. குல்சும் டீ கிளாஸோடு பின்பக்க வராந்தாவுக்கு வந்தாள். மழை விட்டிருந்தது. மருதமலைப் பக்கம் மேகம் கிழிந்து, கிழிசலுக்குள் மலையின் ஒரு துண்டு கருநீலமாகத் தெரிந்தது. எவ்வளவு தூரம் இருக்கும் என்று யோசித்தாள். பன்னிரண்டு மைல் இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம். மேகம் மறுபடியும் மூடிக்கொண்டது. அவள் டீயைக் குடித்தபடி அங்கேயே நின்றாள்.